உஷார்! காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம்

வீட்டில் யாருக்காவது மூன்று நான்கு நாளாகக் காய்ச்சல் அடித்ததா? இன்று காலை தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்ததா? ‘அப்பாடா, விட்டுடுச்சு’ என்று பெருமூச்சு விட்டீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

டெங்குவில் பெரிய ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கிறபோது அல்ல. காய்ச்சல் இறங்குகிறபோது. அப்போதிருந்து 24 முதல் 48 மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் நாம் சரியாக அந்த நேரத்தில்தான் நோயாளிக்கு ரசம் சாதம் கொடுத்து, போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, நாலு நாளாக விட்டுப்போன வேலைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

இதில் இன்னொரு கண்மூடித்தனமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் ஒரே வரிக்குத்தான் ஓடுகிறது. பிளேட்லெட் எவ்வளவு? ஒரு லட்சம் என்றால் நிம்மதி. ஐம்பதாயிரம் என்றால் அழுகை. அந்த ஒற்றை எண்ணை நம்பி ஏமாந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன். ஐப்பசி மழை நேரம். திங்கட்கிழமை ராத்திரி 103 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலி, இடுப்பை முறிக்கிற வலி. முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை. மறுநாள் வலி தாங்கவில்லை என்று தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு வலி ஊசி. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பையன் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தான். அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். டெங்கு. பிளேட்லெட் 1,10,000. ‘லட்சத்துக்கு மேலதானே இருக்கு’ என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். மாமா பப்பாளி இலை பறித்து வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் 78,000. இறங்கியிருக்கிறதுதான், ஆனால் காய்ச்சலே விட்டாச்சே, நாளைக்கு இன்னொரு தரம் பார்த்துக்கலாம் என்று விட்டார்கள். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்றான். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கேஸாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் நான்கு முறை வாந்தி. பப்பாளி இலைச் சாற்றின் கசப்புதான் குமட்டுகிறது என்று நினைத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, ‘என்னவோ பண்ணுதும்மா’ என்று படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் புரண்டான். கையும் காலும் சில்லிட்டிருந்தன. காலையிலிருந்து அவன் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்பது அப்போதுதான் அவன் அம்மாவுக்கு உறைத்தது.

108-ல் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் 90/76. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குக் கீழே சுருங்கினால் அது ஷாக். ஆள் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே ரத்த ஓட்டம் தடுமாறிக்கொண்டிருக்கும்.

அந்தப் பையனுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வரவில்லை. பிளேட்லெட்டும் பயப்படும் அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் சாவின் வாசல்வரை போய்விட்டான். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தான். எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இருப்பதில்லை.

இதில் என் நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டிலேயே எச்சரிக்கை அச்சாகியிருந்தது. பிளேட்லெட்டுக்குச் சில வரிகள் தள்ளி, ஹீமட்டோகிரிட் என்ற வரியில். சில லேப்களில் பி.சி.வி. என்று போடுவார்கள். புதன்கிழமை 41. வெள்ளிக்கிழமை 50. வீட்டில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

அந்த எண் ஏன் ஏறியது? டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களின் உட்சுவர் தளர்ந்துவிடுகிறது. புது மண்பானையில் தண்ணீர் கசிவதைப் போல, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்க்கு வெளியே கசிந்து வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டிப்படுகிறது. அதைத்தான் ஹீமட்டோகிரிட் காட்டுகிறது. முதலில் இருந்ததைவிட அது 20 சதவீதம் ஏறிவிட்டால் கசிவு பலமாக நடக்கிறது என்று பொருள். அந்தக் கசிவுதான் டெங்குவில் பெரும்பாலும் ஆளைச் சாய்க்கிறது. பிளேட்லெட் வேகமாக இறங்குவது, கசிவு தொடங்கப்போகிறது என்பதற்கான அடையாளம்.

ஹீமட்டோகிரிட் ஏறுகிறது, பிளேட்லெட் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் வீட்டில் இருக்காதீர்கள்!

அதற்காக பிளேட்லெட்டை அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. ரத்தத் தட்டணுக்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்கள் உதிர்க்கிற துணுக்குகள் அவை. அவற்றுக்கு உட்கரு கிடையாது. ஆயுள் 7 முதல் 10 நாள். ஆகவே நம் உடம்பு தினமும் ஏறக்குறைய 10,000 கோடி பிளேட்லெட்டுகளைப் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ரத்தக் குழாயில் எங்கே கீறல் விழுந்தாலும் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடைப்பது இவைதான். 1882-ல் இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சோசேரோ என்ற மருத்துவர் இதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துச் சொன்னார்.

டெங்கு வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியையும் மந்தப்படுத்துகிறது, ரத்தத்தில் ஓடுகிற பிளேட்லெட்டுகளையும் அழிக்கிறது. மிச்சம் இருப்பவையும் முழு பலத்தோடு வேலை செய்வதில்லை. இந்த நேரத்தில் நாம் கொடுக்கிற ஒரு மாத்திரை, மிச்சத்தின் கையையும் கட்டிப்போட்டுவிடும்.

வலி மாத்திரை! இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

1940-களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற மருத்துவர் தொண்டைச் சதை அறுவை சிகிச்சை செய்துவந்தார். சில நோயாளிகளுக்கு மட்டும் ரத்தம் நிற்காமல் கொட்டியது. விசாரித்தால், வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை அதிகமாக மென்றவர்கள் அவர்கள். ரத்தத்தை உறையவிடாத மருந்து மாரடைப்பைத் தடுக்குமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று லட்சக்கணக்கான இதய நோயாளிகள் ஆஸ்பிரின் சாப்பிடுவதன் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதே குணம் டெங்குவில் எமன். ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் தன் ஆயுள் முழுக்கச் சரியாக ஒட்டாது. புதிதாகப் பிறந்து வருகிற பிளேட்லெட்தான் அந்த வேலைக்கு உதவும். டெங்குவிலோ புதிய பிறப்பே குறைந்து கிடக்கிறது.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் இதே ஜாதி. பிளேட்லெட்டை மந்தமாக்கும், இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில் பாராசிட்டமாலோடு மெஃபனமிக் ஆசிட் கலந்து வருவது உண்டு. லேபிளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். தெரியாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடம், ‘இதுல பாராசிட்டமால் மட்டும்தானா?’ என்று கேளுங்கள். பாராசிட்டமாலும் டாக்டர் சொன்ன அளவு, சொன்ன இடைவெளிதான். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

இடுப்பு ஊசியும் வேண்டாம். பிளேட்லெட் குறைந்தவருக்குத் தசையில் ஊசி போட்டால் அந்த இடத்திலேயே உள்ளுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்’ என்று நாமே கேட்டு வாங்குகிற பழக்கத்தை, காய்ச்சல் காலத்திலாவது விட்டுவிடுங்கள்.

இனி சொல்வதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வயிற்றில் விடாத வலி. தொட்டாலே வலிக்கிற வயிறு.

திரும்பத் திரும்ப வாந்தி. குடித்தது எதுவும் தங்கவில்லை.

பல் ஈறில், மூக்கில் ரத்தம். வாந்தியில் ரத்தம். மலம் தார் மாதிரி கறுத்துப் போவது. பெண்களுக்கு வழக்கத்துக்கு மீறிய உதிரப்போக்கு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிற பெண்பிள்ளைகள் உண்டு. அம்மாக்களே, நீங்களே கேளுங்கள்.

காய்ச்சல் விட்ட பிறகும் எழ முடியாத சோர்வு. அல்லது அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு. குழந்தை காரணமில்லாமல் அழுதுகொண்டே இருப்பது, அல்லது எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது.

கை கால் சில்லிடுவது. மூச்சு வாங்குவது. வயிறு உப்புவது. எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவது.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை!

தோலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டால் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் மறையாது.

குடிக்கக் கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் நல்லது. பீட்ரூட், மாதுளை ஜூஸ், கறுப்பு நிறக் குளிர்பானம் இந்த நாலைந்து நாளைக்கு வேண்டாம். வாந்தியோ மலமோ சிவந்தோ கறுத்தோ வந்தால் அது ரத்தமா ஜூஸா என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் குழப்பம்.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கை சற்றுச் சீக்கிரம் ஏறுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது பிளாஸ்மா கசிவை நிறுத்தும், உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நிலவேம்புக் குடிநீர் குடித்தாலும் சரி, எதைக் குடித்தாலும் சரி, மேலே சொன்ன அறிகுறி வந்தால் கஷாயத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். குமட்டுகிற கசப்பை வாயில் ஊற்றிவிட்டு, வருகிற வாந்திக்கு அதுவே காரணம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய விபரீதம் என்று மேலே பார்த்தீர்கள்.

2012-ல் திருநெல்வேலிப் பக்கம், 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு ஆட்டிவைத்தபோது பார்த்தோமே, ரத்த வங்கி வாசலில் எத்தனை கூட்டம்! ‘பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்’ என்று எத்தனை சண்டை! ரத்தக் கசிவு இல்லாதவருக்கு வெறும் எண்ணைப் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதால் பயன் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-மும் அதற்குக் கீழும் இறங்கிய, ரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. முன்கூட்டி பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக் கசிவு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் அதிகம் வந்தன. 10,000-க்குக் கீழே போனாலோ, ரத்தம் கசிந்தாலோ டாக்டர்களே முடிவெடுப்பார்கள். தானமாகப் பெற்ற பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் வைக்க முடியும். நீங்கள் சண்டை போட்டு வாங்கிப் போகிற அந்தப் பை, அடுத்த வார்டில் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்குத் தேவைப்பட்டதாக இருக்கலாம். டெங்கு தேறும்போது பிளேட்லெட் தானாக ஏறும். சரியான நேரத்தில் சரியான அளவு திரவம் ஏற்றுவதுதான் உயிரைக் காக்கிறது. அதிலும் அளவு உண்டு. கசிந்த நீர் திரும்பி வருகிற நாளில் குளுக்கோஸ் பாட்டிலைக் கேட்டு ஏற்றிக்கொண்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்! மலேரியாவில் குறையும். எலிக்காய்ச்சலில் குறையும். உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸிலும் குறையும். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைபஸின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோய்க்கு விலை குறைந்த நல்ல மருந்து இருக்கிறது. தாமதித்தால் அதுவும் உயிரை எடுக்கும்.

காய்ச்சலே இல்லாமல், இடிபடாமலே உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப்போகிறதா? அதுவும் சும்மா விடக்கூடியது இல்லை. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டைத் தாக்குகிற ஐ.டி.பி. என்ற நோய் உண்டு. இதை நிரூபிக்க 1950-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன், அந்த நோய் உள்ளவரின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அடிமட்டத்துக்கு விழுந்தது, வலிப்பும் வந்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பின் இது வந்து, ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அது ஐ.டி.பி.தானா, ரத்தப் புற்றுநோயா என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஈரல் கெட்ட குடிநோயாளிகளுக்கு மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஐந்து மாதத்துக்கு மேல், ரத்த அழுத்தம் ஏறி, மேல்வயிற்றில் வலது பக்கம் வலித்து, தலைவலியோ கண் மங்கலோ இருந்து, பிளேட்லெட்டும் குறைந்தால் அது அஜீரணம் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரி.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் நல்லபடியாக நடமாடுகிறவருக்கு ரிப்போர்ட்டில் திடீரென்று 20,000 என்று வந்தால் அலறாதீர்கள். ரத்தம் எடுத்த குழாயில் உள்ள ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, இயந்திரம் தப்பாக எண்ணுவது உண்டு. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள். இதயக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்த இடத்தில் பிளேட்லெட்டுகள் கூடி அடைப்பதால்தான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அதைத் தடுக்கத்தான். பல் பிடுங்க வேண்டும், விசேஷத்துக்கு ஊருக்குப் போகிறேன், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். நிறுத்தாதீர்கள்! அதே ஆளுக்கு டெங்கு வந்தால் பழையபடி விழுங்கிக்கொண்டும் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, ‘எனக்கு ஸ்டென்ட் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன்’ என்று சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இன்று ராத்திரியே வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து வலி மாத்திரைகளையும், மெஃபனமிக் கலந்த சிரப்பையும் காய்ச்சல் மாத்திரையிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். காய்ச்சல்காரர் இருக்கிற வீட்டில் ஒரு தாளில், எப்போது குடித்தார், எப்போது சிறுநீர் போனார் என்று குறித்துவையுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள் அவை. சந்தேகம் என்றால் 104-ல் கேளுங்கள். ஆபத்து அறிகுறி என்றால் 108. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், ஒரு பைசா செலவில்லை.